முழங்காலில் கை வைக்கும் முன்: திருகோணமலை மாவட்ட முறிவு நெரிவு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பக்கங்களில் இதை வாசிப்பவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் 32 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் படித்தவன் இல்லை. எட்டு வயதில் மாமரத்தால் விழுந்து என் இடது முன்கை முறிந்தது. அப்பா சைக்கிள் பாரில் என்னை இருத்தி எங்கள் ஊர்ப் பரிசாரியாரிடம் கொண்டுபோனார். அவர் என் கையைத் தொட்ட விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. முறிந்த இடத்துக்கு உடனே போகவில்லை. தோளில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், ஆறு கிழமையில் கழற்றினார். அந்தக் கையால்தான் இவ்வளவு காலமும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிறேன். சண்டைக் காலத்தில் பாதைகள் பூட்டியிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத எத்தனையோ ஊர்களில் உடைந்த எலும்புகளைப் பொருத்தியவை உங்கள் கைகள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதை உங்கள் தொழிலுக்கு எதிரான மடலாக எடுக்க வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். வளர்கிற வயதில் ஒரு பிள்ளை முழங்காலுக்குப் பக்கத்தில் நோவு, வீக்கம் என்று உங்களிடம் வந்தால், எக்ஸ்ரே படம் பார்க்கும்வரை அந்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவாதீர்கள்.

இதைக் கேட்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். என் தங்கையின் மகன், எனக்கு மருமகன் முறை, வயது 15. பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் இருந்தான். ஒரு நாள் விளையாடிவிட்டு வந்து வலது முழங்கால் நோகிறது என்றான். தைலம் பூசினோம். ஒரு கிழமையில் குறைந்த மாதிரி இருந்து, பிறகு திரும்ப வந்தது. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றுத் தண்ணீரும் வார்த்தோம். ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில், வெளிநோயாளர் பிரிவில், இரண்டு தரம் காட்டினோம். இரண்டு தரமும் பெனடோல் தந்து, பிள்ளை வளருது, வளர்ச்சி நோ என்றார்கள். ஒருவரும் காற்சட்டையை உயர்த்திப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோனது நான்தான்.

அவர் நல்ல மனிதர். நரம்பு பிரண்டிருக்கிறது, உருவினால் சரி வரும் என்றார். கிழமைக்கு இரண்டு தரம், ஏழு கிழமை. உருவும்போது பையன் துவாயைக் கடித்துக்கொண்டு இருப்பான். ஒரு நாள் திரும்பி வரும் வழியில், பின்னால் இருந்தபடி, “பகலில பரவாயில்ல மாமா, இரவிலதான் நித்திரை கொள்ள ஏலாம நோகுது” என்றான். கணக்கில் ஒரு சின்னப் பிழையைக்கூட விடாமல் பிடித்தவன் நான். அந்த வார்த்தையைப் பிடிக்கத் தெரியவில்லை.

கண்டுபிடித்தது என் தங்கைதான். அவள் தையல் தைப்பவள். பள்ளிக்கூடத்துக்குப் புது நீளக் காற்சட்டை தைக்க அவனுக்கு அளவெடுத்தாள். முழங்காலுக்கு நாலு விரல் மேலே, இடது தொடை பதினாலரை இஞ்சி, வலது தொடை பதினாறே கால். டேப் சறுக்கிவிட்டது என்று நினைத்து மூன்று தரம் அளந்திருக்கிறாள். அடுத்த நாள் காசு கட்டி எக்ஸ்ரே எடுத்தோம். வைத்தியர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். தொடை எலும்பின் கீழ்முனையில் எலும்பின் ஓரம் ஒரு கோடாக இல்லை. உதிக்கிற சூரியனைச் சின்னப் பிள்ளைகள் கீறுவார்களே, அந்த மாதிரிக் கதிர் கதிராக வெளியே சிதறியிருந்தது. ஒன்றும் படிக்காத என் கண்ணுக்கே அது தெரிந்தது.

ஒஸ்டியோசார்கோமா என்று பெயர் சொன்னார்கள். எலும்பிலேயே பிறக்கிற புற்றுநோய். நெஞ்சை ஸ்கேன் செய்தபோது இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் இருந்தன. 14 மாதம் இருந்தான்.

செத்தவீட்டுக்கு அந்த வைத்தியர் வந்தார். முற்றத்துப் பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனதும், “எனக்கு இப்பிடி ஒரு வருத்தம் இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்லையே சேர்” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவர் சொன்னது உண்மை. அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. படிப்பிப்பதுதான் என் தொழில் என்பதால் அந்த வேலையில் ஒரு பங்கை இந்த மடலில் செய்கிறேன்.

இந்த நோய் அதிகமாக வருவது 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில், பிள்ளை கிடுகிடுவென உயருகிற காலத்தில். பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதல். எலும்பு வேகமாக வளர்கிற முனைகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, முன்கால் எலும்பின் மேல்முனை, அதற்கடுத்தபடி மேல்கை எலும்பின் தோள் பக்கத்து முனை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முழங்காலைச் சுற்றித்தான் வருகிறது. அடிபட்டதால் வருவதில்லை. ஆனால் விளையாடும் பிள்ளைக்கு அடிபடாத நாள் ஏது? அடிபட்ட இடம் நோகிறது என்று நாங்களே ஒரு காரணத்தைக் கட்டிவிடுகிறோம். உங்களிடம் வரும்போதும் ‘விழுந்தவன் ஐயா’ என்றுதான் சொல்கிறோம். நீங்கள் பிழையான இடத்தில் தேடத் தொடங்குவது எங்கள் வாயால்தான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உலகக் கணக்கில் பத்து இலட்சம் பேருக்கு வருடத்தில் மூன்று நான்கு பேருக்கு இந்த நோய் வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அப்படியென்றால் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு பிள்ளை, சில வருடம் இரண்டு. உங்களில் ஒருவர் 40 வருடம் தொழில் செய்தாலும் ஒன்றிரண்டு பேரைத்தான் கண்டிருப்பார். சுளுக்கும் பிசகும் ஆயிரக்கணக்கில் பார்த்த கைக்கு இது பிடிபடாமல் போவது இயற்கை. ஓ.பி.டி.யில் இருக்கிற இளம் டொக்டருக்கும் அதே நிலைமைதான். அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், ஆளில் கண்டிருக்க மாட்டார்.

சரி, முந்திப் பிடித்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல வாட்டில் என் மருமகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனைச் சொல்ல வேண்டும். வெருகல் பக்கம், 14 வயது. அதே வலது கால், அதே தொடை எலும்பின் அதே முனை. அவனையும் முதலில் உங்களில் ஒருவரிடம்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெற்றிலையில் காசு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் புறங்கையை வீக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு மற்றக் காலில் அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். “இது முறிவும் இல்ல, நெரிவும் இல்ல. எனக்குச் சரியாப் படல்ல. முதல்ல படம் எடுத்துக்கொண்டு வாங்க” என்று வெற்றிலையையும் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நோவு தொடங்கி நாலாவது கிழமையில் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. நுரையீரலில் ஒன்றும் இல்லை. காலை எடுக்க வேண்டி வந்தது. ஆனால் ஆள் இருக்கிறான், பொய்க்காலோடு பள்ளிக்கூடம் போகிறான், சாதாரண தரம் எழுதப் போகிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறான். இன்னும் சில வருடம் அவன் தாய்க்கு அந்தப் பயம் இருக்கும்.

அந்த வைத்தியர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவர். இதை வாசித்தால் என் கும்பிடு.

இரண்டு கட்டிலுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். 1970க்கு முன்னால் இந்த நோய்க்குக் காலை வெட்டுவது மட்டும்தான் வைத்தியம். வெட்டியும் ஐந்து பேரில் நாலு பேர் நுரையீரலில் நோய் வந்து இறந்தார்கள். நோய் கண்ணுக்குத் தெரியும்போதே தெரியாத அளவில் இரத்தத்தில் ஏறிவிட்டது என்பதுதான் அதன் பொருள். பிறகு கீமோ மருந்துகள் வந்தன. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவை மட்டும் செய்தவர்களில் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 வீதம், அறுவையோடு கீமோவும் பெற்றவர்களில் 66 வீதம். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. இன்றைக்கு வசதியான நாடுகளில், நோய் வேறு இடத்துக்குப் பரவாமல் வந்து சேர்கிற பிள்ளைகளில் 60 முதல் 70 வீதமானவர்கள் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். நுரையீரலுக்குப் பரவியபின் வருபவர்களில் அது 20, 30 வீதமாக விழுந்துவிடுகிறது.

பரவல்தான் முதல் காரணி. அடுத்தது கட்டியின் அளவு, அது இருக்கும் இடம். முழங்காலில் இருந்தால் முழுவதையும் எடுக்க வழி உண்டு, இடுப்பெலும்பில் இருந்தால் மிகவும் கஷ்டம். இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பட்டேஸ், எல்.டி.எச். என்ற இரண்டு நொதியங்களும் கூடியிருந்தால் நோயின் சுமை கூட என்று கணிக்கிறார்கள். கீமோ கொடுத்த பிறகு அறுத்தெடுத்த எலும்பை நுணுக்குக்காட்டியில் வைத்து, கட்டியில் எத்தனை பங்கு செத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். 90 வீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் நல்ல குறி. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இல்லாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்களை எண்ணினால் மட்டும் விடை வந்துவிடாது. நோவு தொடங்கியதில் இருந்து கண்டுபிடிக்கும்வரை போன காலத்துக்கும் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வுகள் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு நோய் பொல்லாததாகவே பிறக்கிறது, இரண்டாவது கிழமையில் படம் எடுத்தாலும் நுரையீரலில் இருக்கிறது. என் மருமகன் அப்படிப்பட்டவனாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வளர்ந்த கட்டி பெரிய கட்டி, பெரிய கட்டி காலைக் காப்பாற்ற விடாது. அப்புறம், உருவுவதைப் பற்றி. தாய்வான் வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நோய் தெரியும் முன் பாரம்பரிய முறையில் உருவப்பட்டு, அழுத்தப்பட்டு வந்தவர்களிடம் நுரையீரல் பரவலும், அதே இடத்தில் நோய் திரும்புவதும் கூடுதலாக இருந்திருக்கின்றன. ஏழு கிழமை, கிழமைக்கு இரண்டு தரம். அந்தப் பதினாலு தரத்தையும் நினைத்துக்கொண்டு நான் எத்தனை இரவு விழித்திருந்தேன் என்று தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

பணக்கார நாடுகளில் இருக்கிற மருந்து எங்களிடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். டொக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், மெதோட்ரெக்ஸேட் என்ற மூன்றும் பழைய மருந்துகள். உலகம் முழுக்க இன்றைக்கும் அவைதான் அடித்தளம். 2005இல் தொடங்கி 17 நாடுகளில் 2,260 பேரைச் சேர்த்து ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். கீமோவுக்குச் சரியாக இணங்காதவர்களுக்கு மேலும் மருந்து கூட்டிப் பார்த்தார்கள், பலன் கூடவில்லை. 1980களில் எட்டிய இடத்தில்தான் இந்த நோயின் வைத்தியம் ஏறத்தாழ நிற்கிறது. அப்படியென்றால் அங்கே பிழைக்கிற பிள்ளைக்கும் இங்கே சாகிற பிள்ளைக்கும் இடையில் இருப்பது மருந்தைவிட வழிதான். எந்த நிலையில் வந்து சேர்கிறான், யார் முதலில் கத்தி வைத்தார், தொடங்கியதை முடித்தானா என்பவைதான்.

வசதிக் குறைவு ஒவ்வொரு படியிலும் குறுக்கே நிற்கிறது. மெதோட்ரெக்ஸேட்டைப் பெரிய அளவில் ஏற்றினால் இரத்தத்தில் அதன் அளவை அளந்து அளந்து மாற்றுமருந்து கொடுக்க வேண்டும். அந்தச் சோதனை இல்லாத இடங்களில் அதை விட்டுவிட்டு மற்ற மருந்துகளால் சமாளிக்கிறார்கள், இந்தியாவின் டாட்டா நினைவு மருத்துவமனைகூட மெதோட்ரெக்ஸேட் இல்லாத முறை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் திகதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். 2022இல் நாடு பட்ட பாட்டில் மருந்துக்கும் தட்டுப்பாடு, பஸ்ஸுக்கு டீசலும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், அது எங்கள் நாட்டின் பெரிய கொடை. ஆனால் இங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 260 கிலோமீற்றர் அளவு. இரவு பஸ்ஸில் கீமோ ஏறிய பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டு வரும். கூடப் போகிற தாய்க்குக் கூலி இல்லை, வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் இல்லை. ஏழெட்டு மாதம் இப்படி ஓட வேண்டும். இடையில் நாலு கிழமை தொடர்ந்து போகாமல் விட்டாலே வைத்தியத்தைக் கைவிட்டதாகத்தான் கணக்கு. நோயை வெல்லக்கூடிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த ஓட்டத்தில்தான் விழுகிறார்கள்.

இங்கேதான் நீங்கள் இரண்டாவது தரம் வருகிறீர்கள். இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது.

காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்று இரவு, என் மச்சான், பையனின் தகப்பன், ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். கடலில் எத்தனையோ புயலைக் கண்டவர், அன்று குழந்தை மாதிரி நடுங்கினார். “கால் இல்லாம தோணியில ஏறுவானா? இவனக் கொண்டுபோய் வெட்ட நான் கையெழுத்து வைக்கவா?” என்றார். அடுத்த நாள் தூரத்து ஊர் ஒன்றில் வேறொரு நாட்டு வைத்தியரிடம் போனார்கள். காலை எடுக்கத் தேவையில்லை, 40 நாளில் கரைத்துத் தருகிறேன் என்று அவர் பத்துப் போட்டார். ஐந்து கிழமை அதில் போயிற்று. வீக்கம் தோல் மினுங்குகிற அளவுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் போனோம். நுரையீரலில் புள்ளிகள் இருந்தாலும், ஆஸ்பத்திரியை விட்டு வந்த நேரத்தில் அவனுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருந்தது. நுரையீரல் புள்ளிகளைக்கூட அறுத்தெடுத்துப் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வைத்தியர் ஐயாமாரே, வெட்டுக்குப் பயந்து ஓடி வருகிற ஒரு தகப்பன் உங்கள் வாசலில் நின்றால், அந்த நேரத்தில் அவர் நம்புவது உலகத்திலேயே உங்களை மட்டும்தான். டொக்டர் சொன்னால் கேட்க மாட்டார், நான் சொன்னாலும் கேட்க மாட்டார். நீங்கள் ‘இதை என்னால் மாற்ற ஏலாது, திரும்பிப் போ மகன்’ என்று சொன்னால் போவார். எங்கள் மண்ணில் காலில்லாத மனிதர் புதியவர் இல்லை. கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் பொய்க்காலோடு வயல் செய்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் எத்தனையோ பேருக்குக் கால் செய்து கொடுத்திருக்கிறது. அந்த மனிதர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்தத் தகப்பனோடு பேச வையுங்கள். எங்கள் மச்சானோடு அப்படி ஒருவர் பேசியிருந்தால் என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

முதல் தரம் வரும்போது என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் தையல் டேப் ஒன்றை வையுங்கள். முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு காலையும் ஒரே இடத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இரவில் நோகிறதா, படுத்திருக்கும்போதும் நோகிறதா என்று தாயிடம் கேட்காமல் பிள்ளையிடமே கேளுங்கள். சுளுக்கு நாளுக்கு நாள் குறையும். இது ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடி, மொத்தத்தில் கூடிக்கொண்டே போகும். கையில் கட்டியாகத் தட்டுப்பட்டால், சூடு தெரிந்தால், அல்லது இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நோவு நின்றால், வீக்கமே இல்லாவிட்டாலும், படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் ஒன்றும் தெரியாமல் நோவு மட்டும் தொடர்ந்தால் இன்னும் சில கிழமையில் இன்னொரு படம். சின்னத் தட்டலுக்கு எலும்பு முறிந்து வந்தாலும் யோசியுங்கள், நோய் தின்ற எலும்பு அப்படித்தான் முறியும். அந்த வீக்கத்தில் அட்டை விட வேண்டாம், கீற வேண்டாம், சூடு போட வேண்டாம், ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில்கூடச் சோதனைக்கான சதைத்துண்டை, கடைசியில் அறுவை செய்யப்போகிற சத்திரசிகிச்சை நிபுணரின் திட்டப்படிதான் எடுக்க வேண்டும், பிழையான பக்கத்தால் குத்தினால் அந்த வழியெல்லாம் நோய் பரவி, காப்பாற்றக்கூடிய காலையும் எடுக்க வேண்டி வரும்.

நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் ஒன்றும் இருக்காது. அவர்கள் உங்களிடமே திரும்பி வருவார்கள், நீங்கள் உருவி அனுப்புவீர்கள். உங்கள் வருமானத்தில் கை வைக்கிற கோரிக்கை இல்லை இது.

இந்த மடலின் ஒரு பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஒரு முறிவு நெரிவு வைத்தியர் கடதாசித் துண்டில் ‘முழங்கால், படம் எடுக்கவும்’ என்று எழுதி அனுப்பினால், மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளிலும் அந்தத் துண்டைச் சிரிக்காமல் வாங்கி அன்றைக்கே படம் எடுத்துக் கொடுங்கள். இவர்கள் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதியக்கூடிய வைத்தியர்கள். பெயர்ப் பட்டியல் அரசாங்கத்திடம் இருக்கிறது, தேடிப் போய்ப் பேச முடியும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கிறது. இந்த மாவட்டத்து வைத்தியர்களை ஒரு சனிக்கிழமை அங்கே கூப்பிட்டு, பத்து எக்ஸ்ரே படங்களைக் காட்ட எவ்வளவு செலவாகும்? தரம் 7லும் 10லும் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வருகிற குழு, கண்ணையும் பல்லையும் பார்க்கும்போது ‘இரவில் எங்கேயாவது எலும்பு நோகிறதா’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். வருடத்தில் ஒரு நாள் வருகிற பரிசோதனையால் இந்த நோயைப் பிடிக்க முடியாது, தெரிந்துதான் சொல்கிறேன். பிள்ளையின் காதில் அந்தக் கேள்வி விழுந்துவிட்டால், நோவு வரும் நாளில் அவனே சொல்வான்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் சிறுவர் புற்றுநோய்க்கு ஒரு திட்டம் தொடங்கியது. 2030க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 வீதமான பிள்ளைகளையாவது பிழைக்க வைப்பது இலக்கு. அதில் முன்னிலைப்படுத்திய ஆறு புற்றுநோய்களில் எலும்புப் புற்றுநோய் இல்லை. அரிய நோய், அறுவையும் வேண்டும், மருந்தும் வேண்டும், பொய்க்காலும் வேண்டும் என்பதால் விட்டிருப்பார்கள் போல. ஆகவே வெளியில் இருந்து ஒருவர் வந்து எங்களுக்காக இதைச் செய்வார் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை.

மருமகனின் எக்ஸ்ரே படங்கள் தங்கையிடம் இருந்தன. ஒரு வருடம் அலுமாரியை விட்டு எடுக்கவில்லை. போன மாதம் அவளே கொண்டுவந்து தந்தாள், கூடவே அந்த மஞ்சள் தையல் டேப்பையும் வைத்திருந்தாள். முதல் படமும், ஐந்து கிழமை கழித்து எடுத்த படமும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் நான் மேலே எழுதியதெல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கும். சனி, ஞாயிறு எந்த நாளும் நான் சும்மாதான் இருக்கிறேன். குச்சவெளி, தம்பலகாமம், சேருவில், வெருகல், எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் படங்களை எடுத்துக்கொண்டு வருவேன். வெளிச்சம் வருகிற ஒரு ஜன்னல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்